தண்ணி நிக்குது, ஆடக் கூடாது

"நீங்க நோட்டுல எழுதினதெல்லாம் பொய்யின்னு ஒரு தாள்ல எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்கப்பா. பதினோரு மணிக்கு முன்னாடி வேணும்."

கேட்டேவிட்டாள். இதை மட்டும் கேட்கக் கூடாது என்று அம்மா நாலு நாளாக அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்து சொல்லியிருந்தாள். "சண்டை போடு. பேசாம இரு. கதவைச் சாத்திக்கிட்டு அழு. அந்த மனுஷன்கிட்ட நோட்டைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதடி." நாலு நாள் திறக்காமல்தான் இருந்தாள். இன்று ஞாயிறு. பதினோரு மணிக்கு கிளப் ஹாலில் லீக் கமிட்டி கூடுகிறது. கமிட்டியின் கையெழுத்து விழுந்துவிட்டால் டீம் ஊரை விட்டுப் போய்விடும்.

அப்பா முக்காலியில் உட்கார்ந்து, புல்தரையில் துளை போடுகிற நாலு பல் இரும்பைக் கால்களுக்கு நடுவில் வைத்து, பல் இடுக்கில் காய்ந்த மண்ணை ஆணியால் நோண்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எந்த நோட்டு?"

"எந்த நோட்டுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாமத்தான கேக்கறேன்."

சோப்புத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்த அம்மா, "ஆரம்பிச்சிட்டியா" என்றாள். "வெறும் வயித்துல ஆரம்பிச்சிட்டியா. ரொட்டி இல்ல. போய் வாங்கிட்டு வா. போ."

அவள் போகவில்லை.

வீடு என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். மைதானத்தின் கிழக்கு கேலரிக்கு அடியில் இரண்டு அறை. தலைக்கு மேலே இருப்பது கூரை அல்ல, ஆட்கள் உட்காரும் படிகள். அடுப்புப் பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், அப்பாவின் கட்டில் பக்கம் குனிந்துதான் போக வேண்டும். மேட்ச் நாளில் கோல் விழுந்தால் ரேடியோக்காரன் கத்துவதற்கு முன்பே இவர்கள் வீட்டில் தெரிந்துவிடும். மூவாயிரம் ஜோடிக் கால்கள் ஒரே நேரத்தில் குதிக்க, சுண்ணாம்பு பொலபொலவென்று உதிரும். மேட்ச் நாளில் எல்லாப் பாத்திரமும் மூடியோடுதான் இருக்கும். எதிர் டீம் கோல் போட்டால் சத்தமே இருக்காது. அந்த அமைதியில் அம்மா மூடியைத் திறந்து, கிளறி, மறுபடி மூடுவாள்.

அந்த டீம்தான் போகிறது. ஆலைத் தொழிலாளிகள் ஷிப்ட் முடிந்து வந்து ஆட ஆரம்பித்த டீம். ஆலை மூடி இருபது வருஷம் ஆகியும் பேர் மட்டும் "ஆலைக்காரங்க" என்றே நின்றிருந்தது. இப்போது கிளப் முதலாளி, இரண்டு நாள் ரயிலில் போகிற தூரத்தில் ஒரு பெரிய நகரத்துக்கு அதைக் கொண்டுபோகிறார். அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த புது ஸ்டேடியம். பிளாஸ்டிக் புல். அதற்குத் தண்ணீரும் வேண்டாம், அப்பாவும் வேண்டாம். பேரும் புதுசு, சின்னமும் புதுசு. சிவப்பு மஞ்சள் ஜெர்சி போய், ஊதாவும் சாம்பலும் வந்தாயிற்று. நெஞ்சில் ஒரு பருந்து.

அந்தப் பருந்துகள்தான் இப்போது தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன. போட்டோ எடுக்கிறார்களாம், புதுத் துணியின் விறைப்புப் போக ஒரு தடவை அலசிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். இருபத்தாறு ஜெர்சி. எண் உரியாமல் இருக்க உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, பச்சைத் தண்ணீரில். சேற்றுக்கறைக்கு வெந்நீர் விட்டால் கறை அங்கேயே குடித்தனம் பண்ணிவிடும் என்பது அம்மாவின் பதினெட்டு வருஷப் பாடம். இதில் சேறும் இல்லை, கறையும் இல்லை. இருந்தும் அம்மா பழக்கத்தில் முட்டிப் பக்கமாகவே தேய்த்துக்கொண்டிருந்தாள், ஜெர்சிக்கு முட்டி இல்லை என்பதையும் மறந்து.

"பருந்தாம் பருந்து," என்றாள். "பந்தைக் கொத்தித் தூக்கிட்டுப் போவுமா இது?"



நோட்டு விஷயம் இதுதான்.

ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அப்பா மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். நீளக் கழியால் புல் நுனியில் இருக்கிற பனியைத் தட்டிவிடுவார், தட்டாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கோல் கம்பத்துக்கு முன்னால் குதிகாலை ஊன்றிப் பார்ப்பார். பிறகு வந்து, மைதான நோட்டில் தேதி போட்டு ஒரு வரி எழுதுவார். "ஆடலாம்." அல்லது, "தண்ணி நிக்குது. ஆடக் கூடாது." மூன்றாம் வகுப்போடு நின்ற கை. எழுத்துகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி நிற்கும்.

அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. தூறல் போட்டாலே அப்பா "தண்ணி நிக்குது" என்று எழுதிவிடுவார். தூறாவிட்டாலும், மேகம் கறுத்தால் எழுதிவிடுவார். புல்லுக்கு ஓய்வு வேண்டும். ஓய்வு கேட்டால் எந்த கோச் கொடுப்பான்? வாரம் ஆறு நாள் இருபத்தாறு பேரை முள் பூட்ஸோடு விட்டு மிதிக்கச் சொல்வான். ஆகவே நோட்டில் தண்ணீர் நிற்கும். கோச் வந்து நோட்டைப் பார்ப்பார், புல்லைப் பார்ப்பார், அப்பாவைப் பார்ப்பார். "எங்கய்யா தண்ணி?" "அடியில இருக்கு சார்." "சரி, வடக்குப் பாதி மட்டும் குடு." "கோல் பக்கம் போகக் கூடாது." "போகல." ஆட்டம் நடக்கும். நோட்டில் மட்டும் "ஆடக் கூடாது" அப்படியே இருக்கும். மைதானத்துக்குள் இருக்கிற எல்லோருக்கும் அந்த நோட்டைப் படிக்கத் தெரியும். அது மழைக் கணக்கு அல்ல, பேரம். பேரத்தில் முதலில் சொல்கிற விலை.

பேரத்தை மைதானத்துக்கு வெளியே தூக்கிக்கொண்டு போனது அவள்தான்.

படித்து முடித்து, கிளப் ஆபீசிலேயே தற்காலிகமாகச் சேர்ந்து எட்டு மாதம். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை பார்த்த முதல் ஆள். ஒருநாள் மேனேஜர் ஆறு வருஷத்து நோட்டுகளை அவள் மேசை மேல் கொண்டுவந்து போட்டார்.

"உங்கப்பா எழுத்து உனக்குத்தாம்மா புரியும். எத்தனை நாள் ஆடக் கூடாதுன்னு இருக்குன்னு எண்ணி, வருஷ வாரியா ஒரு டேபிள் போட்டுக் குடு. லீக்குல ஒரு விதி இருக்கு. வருஷத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல மைதானம் லாயக்கில்லன்னாத்தான் டீம் ஊர் மாத்தலாம். நூத்தி இருபத்திரண்டு நாள். தாண்டுதான்னு பாரு."

பார்த்தாள். வருஷத்துக்குச் சராசரி நூற்று முப்பத்தெட்டு நாள்.

நிஜமாகத் தண்ணீர் நின்ற நாள் வருஷத்துக்கு முப்பதுகூடத் தேறாது என்று அவளுக்குத் தெரியாதா? அந்த மைதானத்தின் ஓரத்தில் தவழ்ந்தவள். "அடியில இருக்கு சார்" என்பதை அப்பா மாதிரியே சொல்லிக் காட்டிப் பள்ளிக்கூடத்தில் சிரிப்பு வாங்கியவள். ஆனாலும் எண்ணினாள். ஒரு நாள் விடாமல், இரண்டு முறை சரிபார்த்து எண்ணினாள். கேட்காமலே நீல நிறத்தில் ஒரு வரைபடமும் போட்டாள். மேனேஜர் பார்த்துவிட்டு, "பிரமாதம்மா. அங்க புது ஆபீஸ்ல உனக்கு நிரந்தரமா ஒரு சீட் சொல்லிடறேன்," என்றார். அன்று வீட்டுக்கு வரும்போது அவள் கால் தரையில் பாவவில்லை. உள்ளதைத்தானே அடித்தேன், எழுதினது நான் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது ஒரு மாதம் வரை செல்லுபடியானது. பிறகு செல்லவில்லை. சாப்பிடும்போது செல்லவில்லை, அப்பா எதிரே வந்தால் செல்லவில்லை.

"போடி, ரொட்டி வாங்கிட்டு வா," என்று அம்மா மறுபடி சொன்னாள். இந்த முறை போனாள். அப்பாவின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

மைதானக் கேட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை. கடைக்காரர் ஒரு காலத்தில் இந்த டீமின் கோல் கீப்பர். ஒரே மேட்சில் ஏழு கோல் விட்டதிலிருந்து பேர் "ஓட்டை". அவரே அதைக் கடைப் பலகையில் எழுதி வைத்திருந்தார்.

"வாங்க பட்டதாரி," என்றார். "ரொட்டியா? நேத்து ரொட்டிதான் இருக்கு. இன்னிக்கு ரொட்டி வாங்கி யாருக்கு விக்கறது? நாளைலேர்ந்து இந்தத் தெருவுல நானும் நாயுந்தான்."

"குடுங்க மாமா."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? நீ சந்தோஷமால்ல இருக்கணும். நம்ம டீமோட போற ஒரே உள்ளூர் ஆளு நீதான. அங்க எவனாவது நம்மள மட்டமா பேசினா மூக்குலயே ஒண்ணு விடு, என்ன?"

அவள் காசை வைத்தாள். அவர் எடுக்காமல் பாட்டிலைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"எல்லாம் இந்தப் பாழாப்போன மழை பண்ணின வேலை. உங்கப்பன் பாவம் என்ன பண்ணுவான். மழையக் கையால பிடிச்சு நிறுத்தவா முடியும்? நான் பந்தையே பிடிக்கல." தானே சிரித்தார். "ஆனா ஒண்ணு. அந்தக் காலத்துல உங்கப்பன் ஆடக் கூடாதுன்னு எழுதினா, நாங்க அப்பத்தான் பூட்ஸ் மாட்டவே ஆரம்பிப்போம். இப்ப ஏதோ நூத்தி முப்பது நாளு மழையாம், கமிட்டிக்குக் கணக்கு போயிருக்காம். எந்தப் பரதேசி உக்காந்து எண்ணினானோ. அவன் கையில பந்தைக் குடுத்தா எட்டு கோல் விடுவான்."

நான்தான் மாமா எண்ணினேன். தொண்டை வரை வந்தது. வந்ததை விழுங்கினாள். ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "வரேன் மாமா" என்று மட்டும் சொன்னாள்.

"இரு, இரு." அவர் ஒரு முட்டையை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். "உங்கப்பனுக்கு வேக வெச்சுக் குடு. ரெண்டு நாளா சரியா தின்னலன்னு உங்கம்மா சொல்லிச்சு. நான் குடுத்தேன்னு சொல்லு. காசு வேணாம் போ."

அந்த முட்டையோடு நடந்த ஐம்பது அடி தூரம் அவளுக்கு ஒரு மேட்ச் நேரம் போல இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

திரும்பி வந்தபோது உருளைக்கிழங்கு வெந்து முடிந்திருந்தது. அம்மா தோலை உரித்து, உப்பும் மிளகும் தூவி, மூன்று தட்டில் போட்டாள். முட்டை தனியாகக் கொதித்தது. வெளியே கேலரித் தூண்களுக்கு இடையே கட்டிய கயிற்றில் இருபத்தாறு ஊதா ஜெர்சிகள் தொங்கின. சொட்டுகிற தண்ணீரும் ஊதா.

"சாயம் போவுதுங்க," என்றாள் அம்மா. "மொத அலசலுக்கே."

"போட்டோக்குத்தான. போட்டோல தெரியாது," என்றார் அப்பா.

மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அப்பா கிழங்கை விரலால் மசித்தார், வாயில் வைக்கவில்லை. பிறகு, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி, தட்டைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு வாரம் நீ அந்த நோட்டோட உக்காந்திருந்த. என் எழுத்து எனக்கே சில நாள் புரியாது. ஒரு எழுத்து, ஒரு தேதி கேட்டு நீ எங்கிட்ட வரல. அப்பவே தெரியும்."

அவள் நிமிர்ந்தாள். "என்ன தெரியும்?"

"மேனேஜர் எங்கிட்டயும் வந்தாரு. உன் டேபிளைக் காட்டினாரு. படம்லாம் போட்டிருந்த. நல்லா இருந்துச்சு. 'இதெல்லாம் சரிதானேய்யா, லீக்குல கேட்டா சொல்லணும்'னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிதான்னேன்."

வெளியே ஒரு ஜெர்சியிலிருந்து சொட்டு விழுகிற சத்தம் கேட்டது.

"தெரிஞ்சேவா? டீம் போயிடும்னு தெரிஞ்சேவா?"

"நான்தான் சொல்லச் சொன்னேன்," என்றாள் அம்மா. குரலில் ஒரு முரட்டுத்தனம், அடி வாங்கத் தயாராகிறவளின் முரட்டுத்தனம். "உனக்கு சீட் சொல்லியிருக்காருன்னு நீ குதிச்சிட்டு வந்தியே, அன்னிக்கு. நானும் துணி துவைச்சு, அவரும் புல்லு வெட்டி, இந்தப் படிக்கட்டுக்கு அடியில எத்தனை நாளு? நீயாவது நிமிந்து நில்லுன்னுதான். அதான் கேக்காதன்னேன். கேட்டா இது வெளிய வரும், நீ எங்க மூஞ்சியில முழிக்க மாட்ட."

"எனக்காகன்னு சொல்லாதம்மா!" அவள் கத்தியது மேல் படிகளில் மோதித் திரும்பி வந்தது. "நான் கேட்டேனா? ஊரையே தூக்கிக் குடுத்து எனக்கு ஒரு நாற்காலி வாங்கிக் குடுங்கன்னு கேட்டேனா?"

"கேக்கல," என்றார் அப்பா. "ஆனா எண்ணின."

அவள் கையிலிருந்த கிழங்கைத் தட்டில் வைத்தாள்.

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "உனக்காக மட்டும்னு சொன்னா அதுவும் பொய்யி. சரியில்லன்னு சொல்லியிருந்தா, அப்ப இருபத்திரண்டு வருஷமா என்னய்யா எழுதினன்னு கேப்பான். புல்லுக்கு ஓய்வு குடுக்க எழுதினேன்னா, கோட்டு போட்ட எவனுக்காவது புரியுமா? பொய்யன்னுதான் சொல்லுவான். இந்த ஊருல எனக்கு வேற எதும் இல்ல. பேரு ஒண்ணுதான். அந்தக் கூச்சம். அதுல பாதி, நீ பாதி. எது எவ்வளவுன்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல."

"அப்ப கையெழுத்துப் போட மாட்டீங்க."

"கை வராது."

அவள் எழுந்தாள். தட்டைக் கழுவினாள். மூன்று தட்டையும் கழுவினாள். அம்மா, "வெச்சிட்டுப் போ, நான் பாத்துக்கறேன்" என்றதைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஈரக்கையைத் துடைக்கும்போது அவளுக்கு ஒன்று புரிந்தது. காலையில் அந்தக் கையெழுத்தைக் கேட்டதே ஒரு தப்பித்தல்தான். அப்பா தாளில் எழுதிக் கொடுத்திருந்தால், அதைக் கமிட்டி மேசையில் வைத்துவிட்டு, அவர் பின்னாலேயே அவள் ஒளிந்து நின்றிருப்பாள். எங்கப்பா தப்பா எழுதிட்டார், எனக்கு இப்பத்தான் தெரியும் என்று. வாக்கியத்தைக்கூட நாலு நாளாக மனசுக்குள் தயார் பண்ணி வைத்திருந்தாள். அது ஞாபகம் வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மணி பத்தே முக்கால். ஹால் மைதானத்தின் எதிர்க்கோடியில்.

"எங்க கிளம்பிட்ட?" அம்மா கேட்டாள்.

"ஹாலுக்கு."

"தாளே இல்லாமலா?"

"வாய் இருக்கு. அந்தத் தண்ணி எதுன்னு தெரிஞ்சேதான் எண்ணினேன்னு சொல்லப் போறேன். நூத்தி இருபத்திரண்டைத் தாண்டணும்னு தெரியும், தாண்டினா எனக்கு சீட்டுன்னு கணக்குப் போட்டேன், சந்தோஷமா எண்ணினேன். அப்படியே சொல்லப் போறேன்."

"நோட்டைப் பத்தியும் சொல்லுவியா?" இது அப்பா. அவர் எழுந்து நின்றிருந்தார். நின்ற இடம் கட்டில் பக்கம், ஆகவே தலை குனிந்தே இருந்தது.

"நோட்டைச் சொல்லாம இதை எப்படிப்பா சொல்ல முடியும்?"

"அப்ப நான் பொய்யன்னு ஆயிடும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு மாட்டியாயிற்று. இல்லப்பா, அப்படி ஆகாது, நான் பக்குவமாச் சொல்லிடறேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"ஆமாம்பா," என்றாள். "ஆயிடும்."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். முட்டை இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது, யாரும் இறக்கவில்லை.

"சீட்டும் போயிடும்டி," என்றாள் அம்மா, கடைசியாக ஒரு தடவை.

"அது போன மாசமே போயிடுச்சும்மா. நான்தான் பிடிச்சிட்டுத் தொங்கிட்டிருந்தேன். சொல்லியும் டீம் நிக்குமான்னு தெரியாது. முதலாளி வேற வழி பாப்பான். தெரியும். இருந்தாலும் நான் போட்ட படத்தை வெச்சு அவன் போகக் கூடாது."

வெளியே வந்தாள். விடியற்காலை வரை நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஊதா ஜெர்சிகளை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு போனாள், தோளில் கறை பட்டது. மைதானத்தின் ஓரக்கோட்டில் கால் வைக்கப் போனவளைப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் பிடித்தது. திட்டும் இல்லை, கெஞ்சலும் இல்லை. தினமும் யாரைப் பார்த்தாலும் அவர் வாயில் தானாக வருகிற குரல்.

"குறுக்க போகாத. ஈரம். சுத்திப் போ."

"நேரமில்லப்பா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், நடு மைதானத்தில் நேராக நடந்தாள். ராத்திரி முழுக்கப் பெய்த மழைக்குப் பிறகும் ஒரு இடத்தில்கூடத் தண்ணீர் நிற்கவில்லை. தரை கெட்டியாக இருந்தது. ஹால் வாசலில் கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் நடையை எட்டிப் போட்டாள்.